கடலில் சென்றி இல்லை

லிங்கநகர் சோமசேகரத்தாரை எஞ்சின் திருத்துகிறவர் என்று சொன்னால் அது அவரை அவமதித்ததாகிவிடும். எஞ்சின்கள் அவருக்குப் பயந்தன. அவர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார் என்று தெரிந்தால் போதும், வருடக்கணக்காக மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்த தண்ணீர்ப் பம்பும் எழுந்து ஒருதரம் இருமிக் காட்டும். தம்பலகாமத்தில் யானை மிதித்துத் தட்டையாகிப் பாய்போல் சுருட்டி வைத்திருந்த உழவு இயந்திரம் ஒன்றை அவர் விரித்து, ஊதி, அன்று பின்னேரமே வயலில் இறக்கினார் என்று ஒரு கதை உண்டு. கதையைக் கிளப்பியவர் அவர்தான். ஆனாலும் ஊர் நம்பியது. யுத்த காலத்தில் நம்புவதற்கு ஊரிடம் வேறென்ன இருந்தது?

அப்பேர்ப்பட்ட மனிதர், தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதத்து ஒரு காலைப்பொழுதில், உப்புவெளிக் கடற்கரை மணலில் குந்தியிருந்து, ஒரு தண்ணீர் ஸ்கூட்டரைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஸ்கூட்டர் என்பது கடலில் ஓடும் மோட்டார் சைக்கிள். சில்லு இல்லை, பிரேக் இல்லை, வெட்கமும் இல்லை. அடிவயிற்றால் கடலை உறிஞ்சிப் பின்பக்கத்தால் பீச்சியடித்து அந்த உந்தலில் முன்னே பாயும். சண்டை தொடங்குவதற்கு முன்பு, வெள்ளைக்காரர்கள் வெயில் காய வந்த காலத்தில், குணரத்தினம் முதலாளி தன் கடற்கரை ஹோட்டலுக்கென்று அதை இறக்கியிருந்தார். சண்டை வந்தது, வெள்ளைக்காரர் போனார்கள், ஸ்கூட்டருக்குள் கோழிகள் குடிவந்தன. பல தலைமுறைக் கோழிகள் அதற்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, சம்பந்தம் செய்து, கறியாகியும் போயின. இப்போது நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஹோட்டலில் தங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் ஒருவர் அன்று மத்தியானம் வருகிறார். ஸ்கூட்டர் ஓட அவருக்கு ஆசையாம். முதலாளியும் ‘அதற்கென்ன’ என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளைக்காரன் கடலில் பாய்ந்தால் என்ன, பாயாவிட்டால் என்ன என்று சோமசேகரத்தார் போயிருப்பார். ஆனால் விஷயம் மூதூரில் இருந்தது.

மூதூரில் அவருடைய ஒரே மகள் தவமலர் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிள்ளை. தாய் வீட்டில்தான் பெறவேண்டும் என்று கூட்டிவர நாள் பார்த்து வைத்திருந்த வேளையில் கடலில் ஏதோ சண்டையாகி, ஆட்களை ஏற்றுகிற லோஞ்ச் நின்றுவிட்டது. தரைப்பாதையும் பூட்டு. தாய் கமலேஸ்வரி திருகோணமலையில், மகள் குடாவுக்கு அந்தப்பக்கம். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் அந்த ஆடி மாதத்தில் லண்டன் கிட்ட, மூதூர் தூரம்.

போகிற ஒரே வள்ளம் முதலாளியுடையது. மூதூர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கோதுமை மா மூட்டை ஏற்றிப்போக அதற்கு மட்டும் அனுமதி இருந்தது. முதல்நாள் மனுசியை அதில் ஏற்றிவிடக் கேட்டுச் சோமசேகரத்தார் போய்க் கைகட்டி நின்றபோது முதலாளி தாடையைச் சொறிந்தார்.

“சோமண்ணை, மாவோடை ஒரு ஆளை ஏத்தலாம். சமையற்காரி எண்டு பேர் குடுக்கிறன்.”

“ஒரு மணித்தியால ஓட்டத்துக்குச் சமையற்காரியோ முதலாளி?”

“ஏன், நடுக்கடலிலை பசிக்காதோ? ஆனா ஒண்டு. நாளைக்கு வெள்ளைக்காரன் வரேக்கை ஸ்கூட்டர் ஓடவேணும். ஓடினால் அக்கா ஏறுவா. ஓடாட்டி அந்த இடத்திலை இன்னொரு மா மூட்டை ஏறும்.”

“முதலாளி, நாளைக்கு அது ஓடுறது மட்டுமில்லை, கூப்பிட்டால் வரும்!” என்று சொல்லிவிட்டார் சோமசேகரத்தார். வாய் அப்படிப்பட்ட வாய்.

அந்தச் சந்தோஷத்தில் அன்று பின்னேரமே இலவசமாக இன்னொரு வேலையும் பார்த்துக் கொடுத்தார். மா வள்ளத்து எண்ணெய்த் தாங்கியின் மூடியால் மண்ணெண்ணெய் ததும்பி மூட்டைகளில் ஊற்றுகிறது என்று வள்ளக்காரன் ஸஹாப்தீன் முறையிட்டான். மூடிக்குள் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ உக்கிப்போயிருந்தது. சோமசேகரத்தார் சட்டைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் துண்டை எடுத்து, மடித்து, வாயில் விரித்து, மூடியை முறுக்கினார். வேலை முடிந்தது.

இந்தப் பொலித்தீன் விஷயத்தைச் சற்று விளங்கப்படுத்தவேண்டும். அந்த நாட்களில் பெற்றோல் என்பது தீர்த்தம். சொட்டுச் சிந்தினால் பாவம், வாசம் போனாலும் நட்டம். ரப்பர் வளையம் வாங்கக் கிடையாது. ஆகவே திருகோணமலை முழுவதும், மோட்டார் சைக்கிளானாலும் வானானாலும் ஜெனரேட்டரானாலும், தாங்கி வாயில் ஒரு பொலித்தீன் துண்டை விரித்து அதன்மேல் மூடியை இறுக்குவது வழக்கமாகிவிட்டது. குழந்தை பிறந்தால் தொப்புள்கொடிக்கு அடுத்தபடி பொலித்தீன்தான் தேடுவார்கள் என்று சொன்னாலும் பெரிய பொய்யில்லை. சோமசேகரத்தார் அதில் கலாநிதி. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு கட்டு இருக்கும். கோழிகளிடமிருந்து ஸ்கூட்டரை மீட்டு அவர் செய்த முதல் வேலையே, அதன் தாங்கிக்கும் ஒரு பொலித்தீன் போட்டதுதான். தன்னையறியாமல், வெற்றிலை போடுகிறவன் சுண்ணாம்பு தடவுகிறமாதிரிச் செய்தார்.

இப்போது ஸ்கூட்டருக்கு வருவோம்.

அதன் நோய் விசித்திரமானது. பட்டனை அமத்தினால் முதல் தட்டிலேயே உயிர்வரும். வந்து, கோணேசர் கோயில் மணி கடலுக்கு மேலால் வருகிறமாதிரி என்ன அழகாக முழங்கும்! ஒரு வெற்றிலை சப்பி முடிகிற நேரம். பிறகு ஒரு விக்கல். பிறகு இழுப்பு. “கிர்ர்... கிர்... கி...” முடிந்தது. சோமசேகரத்தார் ஓடிப்போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பெற்றோல் குளம்போல் நிற்கும். “எல்லாம் இருக்கு, ஏன் குடிக்கிறாயில்லை?” என்று திட்டிவிட்டு மூடியை இறுக்கிப் பட்டனை அமத்துவார். முதல் தட்டிலேயே உயிர்வரும். மறுபடியும் வெற்றிலை. மறுபடியும் விக்கல்.

தென்னையில் கட்டிய மாடுபோல் ஸ்கூட்டரைக் கயிற்றில் கட்டி, முழங்கால் தண்ணீரில் மிதக்கவிட்டு, விடிந்ததிலிருந்து இதே கூத்து. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெற்றோல் குழாயைக் கழற்றி ஊதினார், அவர் வாய்க்குள் போன பெற்றோலில் ஒரு லொறி கண்டிக்குப் போய்வரலாம். வடிகட்டியைத் தட்டினார். கோழி இறகு ஒன்று வந்தது. “கண்டுபிடிச்சிட்டன்!” என்று கத்தினார். அதுவல்ல. காபரேற்றரைப் பிரித்து மூக்குத்தி கழுவுகிறமாதிரிக் கழுவிப் பூட்டினார். பெற்றோலை இழுக்கிற பம்பின் ரப்பர்ச் சவ்வைச் சூரியனுக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடினார். அதிலும் ஓட்டையில்லை. அவருடைய நம்பிக்கையில்தான் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

கவிழ்த்த தோணியின் மேல் அமர்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜெமீல். நகரத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். சிறுவயதுக் கூட்டாளி. பிளக் கொண்டுவந்து கொடுத்த சாட்டில் கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், இது மௌத்தாப் போன சாமான். குளிப்பாட்டி அடக்கிடு.”

“மௌத்தானது எப்பிடியடா முதல் தட்டிலை எழும்பும்?”

“அதுதான் எனக்கும் பயமா இரிக்கு. உள்ளுக்கு ஏதோ குடியிரிக்கி. செத்த கோழிட ரூஹா இருக்கலாம்.”

“பகிடி விடாதை ஜெமீல். வெள்ளைக்காரன் வரமுதல் இது ஓடாட்டி என்ரை மனுசி கடலைப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.”

“அவ கடலப் பாக்கமாட்டாவு மச்சான். ஒன்னத்தான் பாப்பாவு. அதுதான் மோசம்.”

சொல்லி வாய் மூடவில்லை, கமலேஸ்வரி கடற்கரையில் வந்து நின்றாள். கையில் பெரிய பை. பைக்குள் பிள்ளைப்பேற்றுச் சரக்குத்தூள், நல்லெண்ணெய், வசம்பு, குழந்தைக்குத் தோய்த்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள். மகளுக்கென்று ஒரு சாடி மாவடுவும் அடைத்திருந்தாள். அந்தச் சாடியின் வாயிலும் பொலித்தீன்தான்.

“இஞ்சேருங்கோ, ஓடுதோ?”

“ஓடும்.”

“ஓடும் எண்டால் இப்ப ஓடேல்லை எண்டுதானே கருத்து? எனக்குக் கலியாணம் பேசேக்கை என்ன சொன்னவை? மாப்பிள்ளையின்ரை சொல்லை எஞ்சின் எல்லாம் கேக்கும் எண்டவை. மனுசர் கேக்காட்டிலும் பரவாயில்லை, எஞ்சினாவது கேக்கட்டும் எண்டுதான் நானும் ஓம் எண்டனான்.”

சோமசேகரத்தார் பிளக்கை எடுத்து மறுபடியும் துடைத்தார். அவருக்குப் பதில் வராத இரண்டாவது இடம் அது. முதல் இடம் ஸ்கூட்டர்.

அவள் அதற்குமேல் திட்டவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்து, மூதூர்ப் பக்கம் பார்த்தாள். “முந்தநாள் முழுக்க இடுப்பு நோகுது எண்டு சொன்னவளாம். வள்ளக்காரன்தான் சொன்னவன்” என்றாள், ஒருவரிடமும் சொல்லாத மாதிரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அந்த நேரம் பார்த்துக் குணரத்தினம் முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“என்ன சோமண்ணை, மாட்டைக் கட்டின மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறீர்? கட்டி வைச்சுப் பாத்தால் மாடும் ஓடாது. அவிட்டு ஏறும். சிவப்புப் பீப்பா மட்டும் போய்த் திரும்பும். அதுக்கு அங்காலை போகாதையும், நேவிக்காரன் சுட்டுப்போடுவான்.”

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கடலில் சிவப்புப் பீப்பாக்கள் மிதந்தன. அதுவரைதான் அனுமதி. அதற்கு அப்பால் கடல் கடலுடையதல்ல.

“இப்பவோ முதலாளி?”

“இல்லை, சண்டை முடிஞ்ச பிறகு!”

சோமசேகரத்தார் போட்டிருந்த களிசானோடு ஏறினார். காற்றடைத்த செம்மஞ்சள் அங்கி ஒன்றை முதலாளி மாட்டிவிட்டார். அது குழந்தைகளுக்கானது. பூட்டியபோது அவர் ஒரு மூச்சு உள்ளே இழுத்தவர், அதை வெளியே விடுவதற்கு இடமில்லாமல் போயிற்று. பட்டனை அமத்தினார். முதல் தட்டு. ஸ்கூட்டர் பாய்ந்தது.

அடா, என்ன பாய்ச்சல்! உப்புவெளித் தென்னைகள் எல்லாம் ஒருமித்துப் பின்னோக்கி ஓடின. பறந்துகொண்டிருந்த கடற்காகம் ஒன்று வெட்கப்பட்டு இறங்கித் தண்ணீரில் இருந்துகொண்டது. கரையில் ஜெமீல் துவாயைச் சுழற்றினார், முதலாளி கைதட்டினார், கமலேஸ்வரி எழுந்து நின்றாள். சோமசேகரத்தார் ஒரு கையை விட்டு அவளுக்குக் காட்டினார். “பார், கேக்குது!” என்று அவர் போட்ட சத்தத்தில் மீன்கள் திரும்பிப் பார்த்தன.

விக்கல்.

பீப்பாவுக்குக் கிட்ட வந்து அவர் திரும்பப்போகிற அந்த இடத்தில், ஒரு விக்கல். பிறகு இழுப்பு. “கிர்ர்... கிர்... கி...”

பிறகு கடலின் சத்தம் மட்டும்.

ஆடி மாதத்தில் அந்தக் கரையில் வீசுவது கச்சான் காற்று. தரையிலிருந்து கடலுக்கு வீசும். வெக்கையாய், விடாப்பிடியாய், மாமியார் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறமாதிரித் தள்ளும். செத்த ஸ்கூட்டரை அது அன்போடு பிடித்துக்கொண்டு போனது. சிவப்புப் பீப்பா அவருடைய இடப்பக்கத்தில் வந்தது, பக்கத்தில் நின்றது, வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டது.

பட்டனை அமத்தினார். உறுமியது, எழும்பவில்லை. மறுபடியும். உறுமல் மெலிந்தது. பற்றரியும் சாகப்போகிறது என்று விளங்கியதும் கையை எடுத்துவிட்டார். கரையில் என்றால் வழமைப்படி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருப்பார். இங்கே அலை ஏறி விழுந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் எஞ்சினுக்கு அதுவே கடைசி. ஆகவே மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கி முறுக்கினார்.

இரு கைகளாலும் வலித்துப் பார்த்தார். கைகளால் கடலை வலிப்பது என்பது சோற்றுக் கரண்டியால் குளத்தை இறைப்பது போன்றது. கரை சுருங்கியது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். கமலேஸ்வரி தண்ணீருக்குள் இறங்கி, முழங்காலளவில், பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையிலும் பையை நனைய விடவில்லை. வள்ளம் மத்தியானம் போகும். தான் இப்படியே போனால் இந்தோனேசியாவில் கரைசேரலாம், அங்கே நல்ல தேநீரும் கிடைக்கலாம், ஆனால் அவள் ஏறமாட்டாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுகிறபோது பக்கத்தில் தாய் இருக்கமாட்டாள். ஊரிலுள்ள எஞ்சினையெல்லாம் இருமவைத்த கைகள் இரண்டும் மடியில் வெறுமனே கிடந்தன. சோமசேகரத்தாருக்கு வயது வந்தபிறகு முதல்தடவையாகப் பெருமையடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிறப் படகு சீறிக்கொண்டு வந்தது. கடற்படையின் காவல்படகு. துப்பாக்கிகள் அவரைப் பார்த்தன. அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். தூக்கியதில் குழந்தை அங்கி கழுத்துவரை ஏறி, காதுகளை அடைத்துக்கொண்டது.

“மாத்தயா, எஞ்சின் மெரிலா!” என்றார். எஞ்சின் செத்துப்போச்சு என்பதற்கு அவருக்குத் தெரிந்த சிங்களம் அதுதான். அழுகுரல் சிங்களமா தமிழா என்று பிரிக்க முடியாதபடி வந்தது.

இளம் மாலுமி ஒருவன் ஸ்கூட்டரை மேலும் கீழும் பார்த்தான். பெற்றோல் தாங்கியைத் துப்பாக்கி நுனியால் காட்டினான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும்.

“மூடிய அரின்ன!”

மூடியைத் திற. இந்தச் சிங்களம் திருகோணமலையில் பாற்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். சோதனைச் சாவடியை ஊரில் சென்றி என்பார்கள். அந்தக் காலத்தில் மரத்துக்கு மரம் ஒரு சென்றி. ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து காட்டவேண்டும். லிங்கநகரிலிருந்து உப்புவெளிக்கு வருவதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிளின் மூடி, கலியாண மாப்பிள்ளையின் வாயைவிடக் கூடுதல் தரம் திறந்து மூடும். கை பழகியிருந்தது. அலையையும் மறந்து முறுக்கினார்.

உஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!

அது சாதாரண உஷ் அல்ல. முக்குளித்துச் செத்துப் பிழைத்து மேலே வந்தவன் இழுக்கிற முதல் மூச்சு. மாலுமி பயந்து ஓரடி பின்வாங்கினான். தாங்கி வாயில் இருந்த பொலித்தீன் துண்டு உள்ளே குழிந்து, கிண்ணம்போல் உறிஞ்சப்பட்டு நின்றது.

சோமசேகரத்தார் அந்தக் குழியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

டின்பாலில் ஒரு ஓட்டை போட்டால் பால் வராது. இரண்டாவது ஓட்டை போட்டுக் காற்றுப் போனால்தான் வரும். அது குசினியில் நிற்கிற எவருக்கும் தெரியும். பெற்றோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று நுழையவேண்டும். மூடியில் அதற்கென்று ஊசித்துளை இருக்கிறது. அந்தத் துளையைத்தான் அவர் பொலித்தீனால் அடைத்திருக்கிறார். தாங்கி மூச்சை அடக்கிக்கொண்டு பெற்றோலை விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருக்கிறது. கரையில் ஒவ்வொரு தரமும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தபோது காற்றுப் புகுந்தது. அதனால்தான் முதல் தட்டிலேயே உயிர் வந்தது.

அப்படியென்றால் ஊரில்? ஊர் முழுக்கப் பொலித்தீன் போட்டு ஓடுகிறதே, ஒன்றுகூட நிற்கவில்லையே?

நிற்காது! எப்படி நிற்கும்? மூச்சு முட்டுமுன் அடுத்த சென்றி வந்துவிடும். மூடியைத் திற என்பான். உஷ். ஊரெல்லாம் வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்த சென்றிதான் ஊரின் எஞ்சின்களுக்கெல்லாம் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடலில்தான் சென்றி இல்லை.

சோமசேகரத்தார் சிரிக்கத் தொடங்கினார். கைகளை உயர்த்தியபடி, செம்மஞ்சள் அங்கி காதை மூட, துப்பாக்கிகளுக்கு நடுவில், விழுந்து விழுந்து சிரித்தார். மாலுமிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் பொலித்தீனைப் பிடுங்கினார், மூடியைப் பூட்டினார், பட்டனை அமத்தினார். பற்றரியின் கடைசி மூச்சும் எஞ்சினின் முதல் மூச்சும் ஒன்றாய்ச் சேர்ந்தன.

“யன்ன! யன்ன!” போய்த்தொலை என்று கையைக் காட்டினான் மாலுமி.

அவர் கரையேறியபோது வெள்ளைக்காரர் வந்து தொப்பியோடு நின்றார். முதலாளி சோமசேகரத்தாரைக் கட்டிப்பிடித்து, நனைந்ததால் உடனே விட்டுவிட்டார். “அக்கா, போய் என்ரை பிக்கப்பிலை ஏறுங்கோ. வள்ளம் வெளிக்கிடப்போகுது!”

இறங்குதுறைக்குப் போகும் வழியெல்லாம் சோமசேகரத்தார் பொலித்தீன் தத்துவத்தை விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். டிரைவருக்கு ஒருதரம், ஜெமீலுக்கு இரண்டுதரம், ஒவ்வொரு சென்றியிலும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கையால் ஒருதரம். “மூச்சு, ஜெமீல், மூச்சு! எல்லாத்துக்கும் மூச்சு வேணும்!” கமலேஸ்வரி பையை அணைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை என்றுதான் அவர் நினைத்தார். வழக்கமாக விழுவதில்லை.

இறங்குதுறையில் ஸஹாப்தீன் அவளைக் கைபிடித்து ஏற்றி மா மூட்டைகளின் மேல் இருத்தினான். சமையற்காரி என்ற பெயரில் ஏறிய அவளைக் காவலுக்கு நின்றவன் பார்த்தான், பைக்குள் இருந்த சரக்குத்தூளை மோந்தான், தும்மினான், போகச் சொன்னான். வள்ளம் பிரிந்தது. சோமசேகரத்தாருக்கு நெஞ்சு நிறைந்து, கண் நிறைந்து, கை தானாக ஆடியது.

“சோமண்ணன்!” ஸஹாப்தீன் வள்ளத்தின் பின்னணியத்திலிருந்து கத்தினான். “நேத்து நீங்க போட்ட பொலித்தீன் ஷோக்கா இரிக்கு! ஒரு சொட்டு ஒழுகல்ல!”

ஆடிய கை நின்றது.

“ஸஹாப்தீன்! மூடியைத் திற! மூடி! மூடி!”

எஞ்சின் சத்தத்தில் ஸஹாப்தீனுக்கு என்ன கேட்டதோ, பல்லைக் காட்டிச் சிரித்துக் கையசைத்தான். கமலேஸ்வரியும் கையை உயர்த்தினாள். சோமசேகரத்தார் துறையின் நுனிவரை ஓடினார். மூடியைத் திறப்பதுபோல் இரண்டு கைகளையும் காற்றில் முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். பார்க்கிறவனுக்குப் பேய் பிடித்தவன் பெண்சாதியை அனுப்புகிறமாதிரி இருந்தது. காவலுக்கு நின்றவன் விசில் ஊதி, இதற்குமேல் கால் வைக்காதே என்று துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான்.

“மாத்தயா, அந்த வள்ளத்தை நிப்பாட்டுங்கோ! செக் பண்ணுங்கோ!”

திருகோணமலைச் சரித்திரத்தில் தன் மனுசி போகிற வாகனத்தைப் பிடித்துச் சோதனை போடுங்கள் என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான். காவல்காரன் அவருடைய தோளில் தட்டி, திரும்பி வந்துவிடுவா என்று ஆறுதல் சொன்னான்.

வள்ளம் துறைமுக வாயை நோக்கிச் சிறுத்துக்கொண்டு போனது. சத்தம் விக்கியது. இங்கிருந்து கேட்டதா, அவருக்குள் கேட்டதா தெரியவில்லை.

“நிக்குது ஜெமீல்.”

“போகுது மச்சான்.”

“நிக்குதடா! பார், அந்த மரத்துக்கு நேரை நிக்குது!”

“மரந்தான் நிக்கி. வள்ளம் போகுது. கண்ணக் கசக்கிட்டுப் பாரு.”

கசக்கிப் பார்த்தார். ஒரு புள்ளி. நின்றாலும் புள்ளிதான், போனாலும் புள்ளிதான். கச்சான் முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த வள்ளத்தையும் அதே கைதான் தள்ளும், மூதூருக்கல்ல, வெளிக்கடலுக்கு. சாம்பல் நிறக் காவல்படகுகள் இரண்டு துறைமுகத்துக்குள் கட்டிக் கிடந்தன. வருடக்கணக்காக, ஒவ்வொரு மூடி திறக்கும்போதும், இவங்கள் ஒழிஞ்சு போகமாட்டான்களோ என்று பல்லுக்குள் திட்டிய மனிதர், இப்போது கோணேசர் மலைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“அப்பனே, ஒரு சென்றி! நடுக்கடலிலை ஒரேயொரு சென்றி! அவன் கெட்டவனா இருந்தாலும் பரவாயில்லை, மூடியைத் திற எண்டு மட்டும் சொல்லட்டும்!”

ஜெமீல் பகிடி விடவில்லை. அவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார். புள்ளி வாயைத் தாண்டி மறைந்தது. எஞ்சின்களை நடுங்கவைத்த அந்தக் கைகளால் முழங்காலைக் கட்டிக்கொண்டு சோமசேகரத்தார் கல்லில் குந்தினார். வெயில் சாயும்வரை இருந்தார். மூதூரிலிருந்து சேதி வர வழியில்லை. தொலைபேசி எப்போதோ செத்திருந்தது. அதற்கு எந்த மூடியைத் திறப்பது என்று ஒருவருக்கும் தெரியாது.

பிறகு வந்த நாட்களில் அவர் எஞ்சின் ஒன்றையும் தொடவில்லை. சோறு இறங்கவில்லை. டின்பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். அடுத்த தடவை மா வள்ளம் திரும்பி வருகிறது என்று கேள்விப்பட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் பறந்தார், ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி ஏறிப் பறக்கிற அளவுக்கு.

ஸஹாப்தீன் வள்ளத்தைக் கட்டுமுன்பே கத்தினான். “சோமண்ணன்! பொம்புளப் புள்ள! தாயும் புள்ளயும் சுகம்!”

சோமசேகரத்தார் அங்கேயே குந்திவிட்டார்.

“வள்ளம்... வள்ளம் நிக்கேல்லையோ?”

“நிக்காம? வாயைத் தாண்டினதும் நிண்டிச்சு. நான் எஞ்சின் கயித்த இழுக்கிறன், இழுக்கிறன், அசையல்ல. காத்து வெளிய அள்ளுது. அப்பதான் அக்கா மா மூட்டையில இருந்து எழும்பினாவு. ‘தம்பி, சென்றி வந்திட்டுது எண்டு நினை. மூடியைத் திற’ எண்டாவு. இவவுக்கு வெயில் பட்டுட்டு எண்டுதான் நான் நெனச்சன். தொறந்தன். உஷ்ஷ் எண்டிச்சு பாருங்க! ஒரு இழுவை, எஞ்சின் பறந்திச்சு. போனதும் போகாததும் புள்ள பொறந்திட்டு. இந்தாங்க, ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாவு.”

கையில் ஒரு பொட்டலம். பிரித்தார். மா வள்ளத்துப் பொலித்தீன் துண்டு. கழுவி, காயவைத்து, அழகாக மடித்து.

“வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னாவு. ‘உங்கடை கதை காதிலை விழுறதில்லை எண்டு நினைச்சுக் கதையாதையுங்கோ எண்டு சொல்லு’ எண்டு சொன்னாவு.”

சோமசேகரத்தார் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல தடித்த பொலித்தீன். எறிய மனம் வரவில்லை. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். பேத்தி கிடைத்த சந்தோஷத்தில், முதல் சென்றியில் சிப்பாய் வாய் திறக்குமுன்பே அவர் இறங்கி மூடியைத் திறந்து காட்டினார்.

உஷ்ஷ் என்றது.

குனிந்து பார்த்தார். அவருடைய சொந்த மோட்டார் சைக்கிளின் பொலித்தீன் அப்படியே இருந்தது, நடுவில் குழிந்து. கொஞ்சம் யோசித்தார். பெற்றோல் விற்கிற விலையில் ஒரு துளி வாசம் போனாலும் நட்டம்தானே. பொலித்தீனை நீவி நேராக்கி, மூடியை இறுக்கிப் பூட்டினார். அடுத்த சென்றி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.